கோலத்துக்கு எழுதப்பட்ட இலக்கணம்

கோலத்தைக் கணினி புரிந்துகொள்ளும் விதிகளாக எழுதும் முயற்சி 1970களின் தொடக்கத்தில் தாம்பரத்தில் நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியலாளர் கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் இதில் ஈடுபட்டனர். கோலம் பற்றிய அவர்களது கட்டுரை 1974இல் வெளியானது.

சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எண்ணற்ற வாக்கியங்களை ஆக்கலாம் என்பதை 1950களில் மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி கணித வடிவில் காட்டியிருந்தார். ஆனால் வாக்கியம் ஒரே வரிசையில் நீளும். கோலமோ நாலாபக்கமும் விரியும். செவ்வகமாக அடுக்கிய குறிகளில் ஒன்றை மட்டும் எடுத்து அங்கே இரண்டை வைத்தால் அடுக்கே கோணிவிடும். எனவே ஒரு வரிசையையோ நிரலையோ முழுதாகச் சேர்க்கும்படி விதிகள் அமைக்கப்பட்டன. வாசலில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே: ஐந்து புள்ளிக் கோலம் தெரிந்தவர், பாணி மாறாமல் அதை ஏழுக்கும் ஒன்பதுக்கும் விரிக்கிறார். ஒரே விதித்தொகுதியில் பிறக்கும் கோலங்கள் ஒரு குடும்பம். எளிய விதிகளுக்கு அடங்குபவை, வலுவான விதிகளைக் கேட்பவை என அக்குடும்பங்களையும் தரம் பிரிக்க முடிந்தது.

சிக்குக் கோலத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. அதில் கம்பி புள்ளிகளைத் தொடாமல் சுற்றிச் செல்லும்; முடிந்த உருவத்தைவிடக் கை போகும் பாதையே முக்கியம். நேராகச் செல்லுதல், வலமாக வளைதல், இடமாக வளைதல் போன்ற நகர்வுகளைக் குறிகளாக்கிக் கோலத்தை ஒரு சரமாக எழுதினர். செடிகளின் வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் முன்வைத்த விதிமுறையும் இதற்குப் பொருந்தியது. கிருஷ்ணன் கொலுசு என்னும் கோலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் பாதையின் ஒரு துண்டு இருந்த இடத்தை நான்கு துண்டுகள் பிடிக்கின்றன. ஒரே ஒரு விதி போதும். கணினி அறிவியலாளர் பிரூசின்கீவிச் 1980களில் இதைக் கணினித் திரையில் வரைந்து காட்டினார்.

தாம்பரத்துடன் தொடர்பின்றி, ஜார்ஜ் ஸ்டைனியும் ஜேம்ஸ் கிப்ஸும் 1970களின் தொடக்கத்திலேயே, உருவங்களை விதிகளால் ஆக்கும் உருவ இலக்கணத்தை உருவாக்கினர். ஸ்டைனியும் வில்லியம் மிட்செலும் 1978இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் மாளிகைத் தரைப்படங்களுக்கு விதிகள் எழுதினர். அங்கே விதிகளுக்கு அகப்பட்டது ஒரு தனிமனிதரின் பாணி. கோலத்தில் அகப்பட்டது பெயர் பதியாத பல தலைமுறைப் பெண்களின் பாணி. பின்னதே கடினமான வேலை எனலாம். பல்லாடியோ தம் முறையை நூலாகவே எழுதிவைத்திருந்தார்; கோல விதிகளையோ, போட்ட கோலங்களிலிருந்துதான் கண்டெடுக்க வேண்டியிருந்தது.

இழையின் பருமனும் மாவு விழும் சீரும் கோல இலக்கணத்தில் இடம்பெறவில்லை. ஒரு கோலம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அது சொல்லும்; யார் போட்டது என்று சொல்லாது.