ஓரத்தில் நிற்பவர்

1878-ல் தூய யோவான், 1895-ல் சாராள் தக்கர், 1923-ல் தூய சவேரியார் என்று பாளையங்கோட்டையில் கல்லூரிகள் வரிசையாக வந்தன. மாசி, பங்குனியில் அங்கெல்லாம் குரூப் போட்டோ எடுப்பதிலேயே ஸ்டூடியோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நானும் அந்த வேலையில் தேய்ந்தவன்தான்.

குரூப் போட்டோவில் நடு நாற்காலி பிரின்சிபாலுக்கு, இருபுறமும் ஆசிரியர்கள், தரையில் பையன்கள், பின்னால் பெஞ்சு மேல் உயரமானவர்கள், கோடியில் பியூன். மரியாதைக்காக வந்த வரிசை என்பார்கள். பாதிதான் அது, மீதி லென்ஸ் படுத்திய பாடு.

1840-ல் பெட்ஸ்வால் கணக்குப் போட்டுக் கொடுத்த லென்சும், அதன் வழிவந்த பலவும், நடுவில் அச்சு மாதிரி எடுக்கும், ஓரம் கலங்கும். அவற்றின் ஃபோகஸ் தட்டையாக விழாது, கும்பாவின் உட்புறம்போல வளைந்திருக்கும். அதனால்தான் பெஞ்சுகளைப் பிறை வடிவில் போட்டு, இரு முனைகளையும் கேமரா பக்கம் இழுத்தார்கள். எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சி ஸ்டாண்டில் கயிறு கட்டி வளைவை அளப்பார். கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் இரண்டாம் வரிசையின் கண்களைத் தேடுவார். ஃபோகஸ் முன்னால் கொஞ்சம்தான் தாங்கும், பின்னால் கூடுதலாகத் தாங்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். பிறகு துவாரத்தை எஃப் 22 வரை சுருக்குவார். வெளிச்சம் குறைந்துபோவதால் மூடியைக் கழற்றி ஒரு நொடி எண்ணணும். "மூச்சு விடாதீங்க சார்வாள்!" அதற்குள் எவனாவது தலையைத் திருப்பினால் அவனுக்கு மூஞ்சி இருக்காது. நேர்வெயிலில் நிறுத்தினால் எல்லாரும் கண்ணைச் சுருக்குவார்கள், ஆகவே காலையில் கட்டட நிழலில்தான் எடுப்போம்.

1890-ல் செய்ஸ் நிறுவனம் தட்டையான ஃபோகஸ் தரும் லென்சைக் கொண்டுவந்தது. பிறை அதற்குத் தேவையில்லை, சொல்லப்போனால் கெடுதல். ஆனாலும் அண்ணாச்சி புது லென்ஸ் வாங்கியும் கயிற்றை விடவில்லை. பெஞ்சுகள் வளைந்தே கிடந்தன, துவாரத்தைச் சுருக்கியதால் பிழை வெளியே தெரியவில்லை.

இன்றைய செல்போனில் சென்சார் சிறிது, லென்ஸ் அகலம். நாலு வரிசையும் தானே கூர்மையாக விழுகிறது. ஆனால் ஓரத்து முகத்தை அந்த அகல லென்ஸ் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறது. முன்பு கலங்கிப்போன பியூன் இப்போது குண்டாகியிருக்கிறார். நான் ரெண்டடி பின்னால் போய்த்தான் எடுப்பேன்.