கோலி சோடாவும் கலரும்: ஒரு காலி பாட்டிலின் வரலாறு

இன்று கடையில் போய் "ஒரு கலர் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் பெயிண்ட் கடைக்கு வழி காட்டினாலும் காட்டுவார்! ஆனால் சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் கலர் என்றால் ஒரே அர்த்தம்தான். கண்ணாடி பாட்டிலில் அடைத்து, சிவப்போ ஆரஞ்சோ நிறம் ஏற்றிய இனிப்பு சோடா.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வாடா" என்று பையனை விரட்டுவார்கள். அவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. வந்தவர் நாகரிகம் பார்த்து அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் அது அவன் பங்கு. காலி பாட்டிலைப் பத்திரமாகக் கடையில் திருப்பிக் கொடுப்பதும் அவன் வேலைதான். உடைத்தால் உதை நிச்சயம்.

ஏன் என்றால், உள்ளே இருந்த பானத்தை விட பாட்டிலுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்தக் காலத்துக் குளிர்பானங்களின் வரலாறே இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது.

சோடாவின் பிறப்பிடம் ஐரோப்பா. 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் காய்ச்சும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, தண்ணீரில் கரியமில வாயுவைக் கலக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1783-ல் ஜெனீவாவில் யோஹான் யாக்கோப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். தயாரிப்பது சுலபமாகிவிட்டது. ஆனால் கேஸ் வெளியேறாமல் பாட்டிலை மூடுவது எப்படி? அதுதான் பெரிய தலைவலி!

இதற்கு 1870களின் தொடக்கத்தில் ஹிரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு வழி கண்டார். பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு கண்ணாடி கோலி, வாய்ப்பகுதியில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். உள்ளே இருக்கும் கேஸின் அழுத்தமே கோலியை ரப்பரோடு சேர்த்து இறுக்கிவிடும். தனியாக மூடியே வேண்டாம். நம் ஊர் கோலி சோடா இதுதான்.

கட்டைவிரலாலோ சின்ன மரக்கட்டையாலோ ஒரு அழுத்து. "டொப்" என்று கோலி உள்ளே விழும், கேஸ் சீறிக்கொண்டு வரும். அதோடு முடிந்ததா? கழுத்தில் இருக்கும் பள்ளத்தில் கோலி உட்காரும்படி பாட்டிலைச் சாய்க்கத் தெரிய வேண்டும். தெரியாமல் சாய்த்தால் கோலி உருண்டு வந்து வாயை அடைத்துக்கொள்ளும். குடிக்கத் தெரிந்தவன் சிறுவர்களிடையே கெட்டிக்காரன்! அந்தக் கோலியை எடுத்து விளையாடுவதற்காகவே பாட்டிலை உடைத்த பிள்ளைகள் இங்கிலாந்திலும் உண்டு, இங்கேயும் உண்டு.

1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். மேல்நாடுகள் மெல்ல மெல்ல கோலியை விட்டு அதற்கு மாறின. இங்கே மட்டும் கோலி ஏன் இத்தனை காலம் நீடித்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புது மூடி வாங்கத் தேவையில்லை. கையால் சுற்றும் மெஷின், கேஸ் சிலிண்டர், கொஞ்சம் பாட்டில்கள் இருந்தால் ஒரு குடும்பமே தொழில் நடத்தலாம். முதலீட்டின் பெரும்பகுதி பாட்டிலில்தான். அது திரும்பி வந்தால்தான் மறுநாள் வியாபாரம்.

தகர மூடி போட்ட கலரும் இதே கணக்கில்தான் ஓடியது. (அந்த மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்துச் சுற்றி விளையாடியது தனிக்கதை!) கண்ணாடி கனமானது. கொண்டுபோக ஒரு செலவு, காலியைக் கொண்டுவர இன்னொரு செலவு. அதனால் தொலைதூரக் கம்பெனியால் எல்லா ஊருக்கும் மலிவாக வர முடியவில்லை. ஊருக்கு ஊர் ஒரு சோடா கம்பெனி பிழைத்ததற்கு அந்தக் கனமே ஒரு பாதுகாப்பு.

அப்படி உள்ளூரில் தொடங்கிப் பெரிதாக வளர்ந்தது காளிமார்க். 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கினார். அதன் திராட்சை மணம் கொண்ட பவண்டோ பல தலைமுறைக்குப் பழக்கமான சுவை. இன்னொரு பக்கம் பார்லே கம்பெனியின் கோல்ட் ஸ்பாட் நகரத்துப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது.

உள்ளூர் சோடாவை அழித்தது கோக்கும் பெப்சியும்தான் என்று சொல்வது வழக்கம். இது பாதி உண்மை. கோகோ கோலா 1950-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. அந்நிய மூலதனத்தை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்ன சட்டத்தை ஏற்காமல் 1977-ல் வெளியேறியது. அது இங்கே இருந்த அந்த 27 ஆண்டுகளிலும் ஊர் சோடா சாகவில்லையே! 1993-ல் திரும்பி வந்த பிறகு என்ன மாறியது?

பணபலமும் விளம்பரமும் ஒரு காரணம். வந்த வேகத்தில் கோல்ட் ஸ்பாட் உள்ளிட்ட பார்லேயின் பிராண்டுகளையே கோக் வாங்கிவிட்டது. கோல்ட் ஸ்பாட் பின்னர் நிறுத்தப்பட்டு, அந்த இடத்துக்கு ஃபான்டா வந்தது. ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் பிளாஸ்டிக் பாட்டில். அது எடை குறைவு, உடையாது, முக்கியமாகத் திரும்பி வர வேண்டாம். ஒருவழிப் பயணம்! கண்ணாடி போட்டிருந்த வேலி அதோடு விழுந்தது.

பழசு எல்லாமே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. கோலி பாட்டிலின் கழுத்தைத் தேய்த்துக் கழுவுவது கஷ்டம். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, என்ன சாயம் கலந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேஸ் அதிகமானால் பாட்டில் வெடிக்கும். தெருச் சண்டையில் அதுவே ஆயுதம்.

2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி, தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தன. பவண்டோவுக்கு மீண்டும் மவுசு வந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்தப் பவண்டோவும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சுவை தப்பிப் பிழைத்துவிட்டது. பிழைக்காமல் போனது காலி பாட்டிலைச் சுற்றி இருந்த அந்தச் சின்னப் பொருளாதாரம். ஒரு பாட்டிலே பல வருடம் பல வாய்களுக்குப் பயன்பட்ட காலம் போய், ஒரு தடவை குடித்ததும் குப்பைக்குப் போகும் காலம் வந்துவிட்டது. அந்தக் குப்பையை அள்ளும் செலவு மட்டும் பாட்டிலின் மேல் போட்டிருக்கும் விலையில் சேர்வதே இல்லை!