தளவரிசைத் திருப்பணி

கச்சிமூதூர் கோயில்களாலும் தறிகளாலும் புகழ் பூண்டது. இவ்விரண்டினையும் இணைக்கும் சொல்லொன்று தமிழில் உண்டு. தறியில் நீளவாக்கில் விரிக்கப்பெறும் இழைக்குப் பாவு என்று பெயர். குறுக்கே ஓடுவது ஊடை. தரையில் கல்லைப் பரப்பி இணைத்தலையும் கல் பாவுதல் என்றே வழங்குவர். பாவு செவ்வனே அமையாவிடின் எத்துணைச் சரிகை சேர்ப்பினும் புடைவை சிறவாது. தளம் செவ்வனே அமையாத கோயிலும் அத்தன்மைத்தே.

இவ்வுண்மையைப் பல்லவர் காலத்துத் தச்சர் நன்குணர்ந்திருந்தனர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த கயிலாயநாதர் திருக்கோயிலில் சுவரும் விமானமும் மணற்கல்லால் ஆயவை. அடிவரிசையோ கருங்கல்லால் ஆயது. ஈரம் மணற்கல்லை அரிக்கும். ஆதலின் நிலத்தைத் தொட்டுப் பாரம் தாங்கும் இடத்திற்கு வலிய கல்லே தேர்ந்தெடுக்கப்பெற்றது. கல்லைத் தட்டி ஓசையால் தரம் பிரிப்பது சிற்பநூல் மரபு. ஆண்கல் திருவுருவத்திற்கும், பெண்கல் பீடத்திற்கும், நபுஞ்சகக்கல் அடித்தளத்திற்கும் உரியன என்பர். எல்லாவற்றையும் தாங்குவது அடியிற் கிடக்கும் கல்லேயாம்.

கல் பாவும் முறை எளிதாகத் தோன்றினும் நுட்பம் வாய்ந்தது. முதலில் மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குதல் வேண்டும். அதன்மேல் மணல் பரப்பி, நீர் தேங்காது தூம்பை நோக்கி ஓடுமாறு வாட்டம் அமைத்தல் வேண்டும். பின்னர்க் கடப்பாரையால் நெம்பிக் கல்லை அசைத்து அமர்த்தி, இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புவர். வாட்டம் பிழைத்தால் நீர் அடித்தளத்தில் இறங்கிச் சுவரையே அசைத்துவிடும். வீட்டு முற்றத்தில் பெருங்கற்கள் பதிப்போர்க்கும் இவ்விதி பொதுவாம்.

தளவரிசை பணிவின் அடையாளமுமாகும். தமிழகத்துக் கோயில்கள் பலவற்றில் தரைக்கற்களில் வீழ்ந்து வணங்கும் அடியார் உருவங்கள் பெயருடன் பொறிக்கப்பெற்றுள்ளன. அடியார் திருவடித்தூள் தம்மேல் படவேண்டும் என்பதே அவர்கள் வேட்கை. நாவுக்கரசர் பெருமான் உழவாரம் ஏந்திக் கோயில் தரையிலும் திருவீதியிலும் புல் செதுக்கினார். இக்காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்டரோ, மழையினால் அடியாரின் கந்தையை உலர்த்த இயலாது, ஆடை புடைக்கும் கல்லிலே தம் தலையை மோதினார். அப்பொழுது ஏகம்பர் திருக்கை தோன்றி அவரைத் தடுத்தாட்கொண்டது. கீழ்க்கிடக்கும் கல்லும் இறையருளுக்கு நிலைக்களனாயிற்று.

இத்தகைய கல்லை இக்காலத்தார் கையாளும் முறை கவலைக்குரியது. திருப்பணி என்னும் பெயரால் பழங்கற்களைப் பெயர்த்தெறிவதும், எழுத்துள்ள கல்லைக் கவிழ்த்துப் பாவுவதும், மேலே வழவழப்பான கிரானைட் பலகைகளை ஒட்டுவதும் பலவிடத்து நிகழ்கின்றன. அப்பலகைகள் வெயிலில் சுடும், மழையில் வழுக்கும், அடியிலுள்ள எழுத்தையும் மறைத்துவிடும்.

எழுத்தை இழப்பது எத்துணைப் பேரிழப்பு என்பதற்குக் கயிலாயநாதர் கோயிலே சான்று. அங்கு முன்மண்டபத்துத் தூணொன்றின் பின்புறத்தில் கன்னடச் சாசனம் ஒன்று உள்ளது. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிற் பொருளைக் கவராது இறைவனுக்கே மீள அளித்தான் என்று அது கூறுகின்றது. பகையரசனையும் பணிவித்த ஈசன் பெருமையை அத்தூண் தன் முதுகில் தாங்கி நிற்கின்றது. அதனை உடைத்துத் தரையிற் பதித்திருப்பின் இச்செய்தியை இன்று அறிவார் யார்?

முன்னோர் காட்டிய நெறி வேறு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் கோயிலைக் கற்றளியாகப் புதுக்கியபொழுது, பழங்கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். புதுக்குவோர் பழமையை அழித்தல் கூடாது என்பதை அவ்வம்மையார் செயலிற் காட்டினார்.

எனவே, திருப்பணி செய்வோர் ஒரு கல்லைப் பெயர்க்குமுன் அதன் நான்கு பக்கமும் துடைத்துப் பார்த்தல் வேண்டும். எழுத்திருப்பின் வல்லாரைக் கொண்டு படியெடுத்து, எழுத்து மேற்புறமாகக் காணுமாறு, மிதிபடாத இடத்தில் காத்தல் வேண்டும். குடமுழுக்கின் புனிதநீர் சிகரத்தினின்று வழிந்து முடிவில் தளவரிசையையே அடைகின்றது. அக்கல்லையும் போற்றுவதே நிறைவுடைய திருப்பணியாம்.

திருச்சிற்றம்பலம்.