அமெரிக்கத் துணைத் தூதரகம், சென்னை

சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தையொட்டி அமைந்துள்ள அமெரிக்க அரசு அலுவலகம். தூதரகம் என்பது தலைநகரில் இருந்துகொண்டு அரசோடு அரசு பேசும் இடம். துணைத் தூதரகமோ விசா, வணிகம், தன் நாட்டுக் குடிமக்களின் நலன் ஆகியவற்றைக் கவனிப்பது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியிருக்கும் தோல் வட்டாரத்துக்கு இந்த அலுவலகத்தோடு நூறாண்டுக்கும் மேற்பட்ட தொடர்பு உண்டு.

தொடக்கம்

1792 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், பெஞ்சமின் ஜாய் என்பவரைக் கல்கத்தாவுக்குக் கான்சலாக, அதாவது துணைத் தூதராக, நியமித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கான்சலாக ஏற்கவில்லை. உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வணிக முகவராகத் தங்கிக்கொள்ள மட்டும் இசைந்தது. 1794இல் வில்லியம் அபட் சென்னையில் அமெரிக்காவின் கான்சல் முகவரானார். அமெரிக்க அரசின் குறிப்புகள் அந்த ஆண்டையே சென்னை அலுவலகத்தின் தொடக்கமாகக் கொள்கின்றன. கல்கத்தாவில் இருந்தவருக்கே அங்கீகாரம் இல்லாதபோது சென்னை முகவரின் பதவியை எந்த அளவுக்கு அலுவலகம் என்று சொல்லலாம் என்ற கேள்வி எழக்கூடியதே. முழுத் தகுதியுள்ள கான்சலாக நதானியேல் ஸ்டூவர்ட் 1908இல் பொறுப்பேற்றார். எனவே அந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவதற்கும் நியாயம் உண்டு.

இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கத் தொடர்பு வேறு வழிகளில் வளர்ந்தது. பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்தது. அதைச் சேமிக்க 1842இல் மெரினா கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. 1850களில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வேலூர்ப் பகுதியில் வேரூன்றியது. அந்த மிஷன் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.).

தோல் வணிகமும் கான்சல் முத்திரையும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. பின்னர் அது ஆம்பூர், வாணியம்பாடி வழியே மேற்கே நீண்டது. தோல் வட்டாரத்தைத் துறைமுகத்தோடு இணைத்தது இந்தப் பாதையே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல்கள் இவ்வழியே சென்னைக்கு வந்து, பெரியமேடு தோல் மண்டியில் கைமாறிக் கப்பலேறின. இந்த முறையைச் சீராக்கியவர் 1840 வாக்கில் புதுச்சேரியில் இருந்த சார்லஸ் டி சூசா என்பது மரபாகச் சொல்லப்படுவது. அவருக்கு முன்பே இங்கே பட்டையில் தோல் பதனிட்டவர்களின் பங்கையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும்.

1884இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் அமெரிக்காவில் குரோம் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியா ஆலைகள் அந்த முறையில் ஆட்டுத்தோலை மெருகேற்றி, மெல்லிய காலணித் தோலாக்கின. அதுவரை பதனிட்ட தோலை வாங்கிய அமெரிக்கா, அதன்பின் பச்சைத் தோலையே கேட்டது. உப்புத் தூவி உலர்த்திய ஆட்டுத்தோல் கட்டுகள் நேராகக் கப்பலேற, உள்ளூர்ப் பதனீட்டு ஆலைகளுக்குத் தோல் தட்டுப்பாடு ஏற்பட்டது, விலையும் ஏறியது. ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் சென்னையில் குரோம் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கியதற்கு இது ஒரு பின்னணி. பின்னாளில் பல்லாவரத்துக்கு அருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரே குரோம்பேட்டைக்கு நிலைத்தது.

கான்சல் இந்த வணிகத்துக்குள் வந்தது ஒரு தாளின் வழியாக. அமெரிக்காவுக்குச் செல்லும் சரக்குக்குக் கான்சல் சான்றளித்த விலைப்பட்டியல் வேண்டும். ஏற்றுமதி செய்பவர் தோல்களின் எண்ணிக்கை, விலை, கப்பலின் பெயர் ஆகியவற்றை எழுதி, எழுதியது உண்மை என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திடுவார். கான்சல் முத்திரை வைப்பார். கட்டணம் இரண்டரை டாலர். ஒரு படி வணிகரிடம் திரும்பும், ஒன்று சரக்கு இறங்கும் துறைமுகத்தின் சுங்க அதிகாரிக்குப் போகும், மற்றொன்று கான்சலின் கோப்பில் தங்கும். சுங்கவரி சரக்கின் மதிப்பைப் பொறுத்தது என்பதால், விலையைக் குறைத்து எழுதுவதைத் தடுக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. மாட்டுத்தோலுக்கு இன்னொரு சான்றும் தேவைப்பட்டது. கால்நடை நோய் கடல் தாண்டாதிருக்க, தோல் கிருமிநீக்கம் செய்யப்பட்டது என்பதற்கான சான்று அது. தோல் உரித்தவர், உப்பிட்டவர், கட்டுச் சுமந்தவர் ஆகியோரின் உழைப்பு முழுவதும் அந்த ஒரு முத்திரைக்காகக் காத்திருந்தது.

1919இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்து, பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்குச் சலுகை அளித்தது. 1923இல் வரி 5 விழுக்காடாகக் குறைந்தது.

கட்டடம்

1947இல் அலுவலகம் கான்சல் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தது. இன்றைய கட்டடம் 1969இல் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் வளாகத்தில் இயங்கிய அமெரிக்க நூலகம் சென்னை வாசகர்களின் பல தலைமுறைக்குப் பழக்கமானது. அக்காலத்தில் அமெரிக்கா வெளிநாடுகளில் கட்டிய அலுவலகங்கள் திறந்த தோற்றத்தை விரும்பின. எட்வர்ட் டுரெல் ஸ்டோன் வடிவமைத்து 1959இல் திறக்கப்பட்ட புதுடெல்லித் தூதரகம் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பாதுகாப்பு

1983இல் பெய்ரூட் அமெரிக்கத் தூதரகத்தில் வெடித்த குண்டு 63 பேரைக் கொன்றது. தூதரகப் பாதுகாப்பை ஆராய்ந்து 1985இல் வந்த இன்மன் குழு அறிக்கை, சாலைக்கும் கட்டடத்துக்கும் இடையே 100 அடி இடைவெளி வேண்டும் என்றது. 1998 ஆகஸ்ட் 7இல் நைரோபி, தாருஸ்ஸலாம் தூதரகங்கள் தாக்கப்பட்டு இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் மக்கள். மறு ஆண்டே இடைவெளி விதி சட்டமாயிற்று. 2009இல் திறக்கப்பட்ட பாக்தாத் தூதரகம் ஏறத்தாழ 104 ஏக்கர் பரப்பில், தனக்கென மின்சாரமும் குடிநீரும் கொண்ட தனி ஊராக அமைந்தது. நகர நடுவே நெருக்கடியான சந்திப்பில் முன்பே எழுந்துவிட்ட சென்னைக் கட்டடம் மதில், தடுப்பு, சோதனை ஆகியவற்றையே கூடுதலாக நம்ப வேண்டியதாயிற்று.

வளாகம் அமெரிக்க மண் என்ற பேச்சு பரவலாக உண்டு. சட்டப்படி நிலம் இந்திய மண்ணே. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 31ஆம் விதி, அலுவலகப் பணிக்கான பகுதிக்குள் அனுமதியின்றி உள்ளூர் அதிகாரிகள் நுழையக் கூடாது என்கிறது. ஆனால் தீப்பிடித்தால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். தூதரகங்களுக்கான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்த விலக்கு இல்லை. மதிலுக்கு வெளியே காவல் காப்பது வரவேற்கும் நாட்டின் கடமை என்பதால், முதல் வரிசையில் நிற்பவர்கள் தமிழ்நாட்டுக் காவலர்கள். 2002 ஜனவரியில் கொல்கத்தா அமெரிக்க மையத்தின் முன் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களும் இப்படி வெளியே நின்ற உள்ளூர்க் காவலர்களே. 2012 செப்டம்பரில், நபிகளை இழிவுபடுத்திய திரைப்படத்தை எதிர்த்து சென்னையில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது அலுவலகத்தின் மீது கல் வீசப்பட்டது.

இன்றைய நடைமுறை

பணியின் பெரும்பகுதி விசா. இணையத்தில் விண்ணப்பம், தனி மையத்தில் கைரேகையும் புகைப்படமும், பிறகு துணைத் தூதரகத்தில் நேர்காணல் என்று மூன்று படி. கைப்பேசி உள்ளே அனுமதியில்லை. வாங்குபவரைக் காணப் புறப்படும் ஆம்பூர்க் காலணி ஏற்றுமதியாளர், மகனின் பட்டமளிப்புக்குச் செல்லும் வாணியம்பாடித் தாய், ஐ.டி. பணியாளர் என எல்லோரும் கோப்பை மட்டும் கையில் பிடித்து ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. சான்றளித்த விலைப்பட்டியல் வழக்கொழிந்துவிட்டது. அன்று சரக்குக்கு வேண்டியிருந்த முத்திரை இன்று ஆளுக்கு வேண்டியிருக்கிறது.

2008இல் ஹைதராபாத்திலும் 2025 ஜனவரியில் பெங்களூரிலும் புதிய துணைத் தூதரகங்கள் திறக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது, தோல் வட்டாரத்தின் காலணி ஆலைகளும் அதில் அகப்பட்டன.