சுண்ணாம்பும் மழையும்

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, அதன்மீது எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். ஆசிரியப் பணியிலிருந்த காலமெல்லாம் இதனை வகுப்பிற் செய்து காட்டினேன். “கல்லு புளிப்பைத் தின்னுது, ஐயா” என்பார்கள் பிள்ளைகள். இதனினும் நல்ல விளக்கத்தை நான் பாடநூல்களிற் கண்டதில்லை.

நேயர்களே! அந்தக் கல் கடல் தந்த கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பிகள் படிந்து பாறையாயின. அக்காலத்து மரமொன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகி, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இன்றும் கிடக்கிறது. புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனை அறிவித்தார். பண்டைய மரத்தைக் கல்லாக வைத்திருக்கும் இந்நிலம், இன்றைய மரங்களுக்கும் ஒரு காப்பாக இருக்கிறது. எவ்வாறு என்று சொல்கிறேன்.

நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் மழையோடு கலந்து அமிலமாவதை, மான்செஸ்டர் நகரத்து மழைநீரைச் சோதித்த இராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1852-இல் எடுத்துரைத்தார். அது காட்டுக்கு என்ன செய்யும் என்பது வெகுகாலம் விளங்கவில்லை. 1963-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்டு புரூக் காட்டில், லைக்கன்ஸ் முதலியோர் மழைநீரை அளக்கத் தொடங்கினர். ஆலைகளுக்கு வெகுதொலைவிலிருந்த அக்காட்டிலும் மழை புளித்திருந்தது! அங்கே நிலத்தடியிற் சுண்ணாம்புப் பாறை இல்லை. ஆகவே அமிலம் மண்ணிலிருந்த கொஞ்சநஞ்சச் சுண்ணச்சத்தையும் கரைத்து ஓடையிற் சேர்த்தது. மண்ணில் அடங்கிக் கிடந்த அலுமினியம் விடுபட்டு வேர்களை நலித்தது. மேப்பிள் மரங்கள் மெலிந்தன. 1999-இல் சுண்ணச்சத்துள்ள கனிமப் பொடியை ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். பின்வந்த ஆண்டுகளில் அம்மரங்கள் தேறின.

அவர்கள் வானிலிருந்து தூவியதை அரியலூர் மண் தன் மடியிலேயே வைத்திருக்கிறது. அதைத்தான் நாம் தோண்டுகிறோம். அண்டையிலுள்ள டால்மியாபுரத்தில் 1939-இலும், அரசின் சார்பில் அரியலூரில் 1979-இலும் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. பின்னும் பல வந்தன. வீடு கட்டச் சிமெண்டு வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் சுரங்கம் வெட்டுமிடத்தில் மேல்மண்ணும் போகிறது, காப்பும் போகிறது. இலைமேற் படியும் தூள் வேறொரு தொல்லை. அதனை இங்கே விரிக்கவில்லை.

பச்சைமலையிலிருந்து படிக்க வந்த மாணவனொருவன், ஒருநாள் தன் ஊர்க்கல்லைப் பொடித்துக் கொண்டுவந்து சாறு பிழிந்தான். நுரை எழவில்லை. “எங்க கல்லு திங்கலையே, ஐயா” என்றான். மேற்கே அம்மலைக் காடு நிற்பது சுண்ணாம்புப் பாறைமேல் அன்று. அங்கே பெய்யும் மழையை ஆண்டுதோறும் அளந்து எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே எனக்குத் தோன்றியது.