வெல்லாவெளிக்கு எத்தனை மணித்தியாலம்?

இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர், ஊருக்குப் புறப்படும்போதெல்லாம் ஒரு கணக்குச் சொல்வார். "ஹீத்ரோவிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பதினொரு மணித்தியாலம். அங்கிருந்து வெல்லாவெளிக்கு எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள்." சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆயினும் அந்தக் கணக்குக்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

அவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனம் தனது முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு மேற்கொண்டது. 1949இல் டிசி-4 ரக விமானங்களுடன் இலண்டன் சேவை தொடங்கியது. அவ்விமானங்களின் வேகத்தில் வானில் கழியும் நேரம் மட்டுமே ஏறத்தாழ ஒரு முழு நாள். இடையிடையே தரையிறங்கி எரிபொருள் நிரப்பும் நேரம் தனி. ஜெட் விமானங்கள் அதனைப் பாதிக்கும் குறைவாக்கின.

தரையில் நடந்தது வேறு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரம், எழுவான்கரை. மேற்கே, வயல்களின் பக்கம், படுவான்கரை. வெல்லாவெளி படுவான்கரை ஊர். அங்கிருந்து களுவாஞ்சிக்குடிப் பெருஞ்சாலையை அடையப் பட்டிருப்புப் பாலத்தைக் கடக்க வேண்டும்.

1958இல் மட்டக்களப்பில் விமான நிலையம் அமைந்தது. வெல்லாவெளியிலிருந்து நேர்கோட்டில் அது 25 கிலோமீட்டர் அளவே. இரத்மலானையிலிருந்து 220 கிலோமீட்டர். டகோட்டா விமானம் ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடும் தூரம். ஆனால் 1983இல் அந்நிலையம் விமானப்படையின் கைக்குச் சென்றது. உலகின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் தமிழர் சிதறத் தொடங்கிய அதே ஆண்டில், அவர்கள் ஊர் திரும்புவதற்கான அருகிலுள்ள வானவழி அடைபட்டது.

பின்னர் வாவியே எல்லையாயிற்று. படுவான்கரை புலிகளின் ஆட்சியிலும் எழுவான்கரை அரசின் ஆட்சியிலும் இருந்த காலத்தில், பாலத்தின் சோதனைச்சாவடியே பயண நேரத்தைத் தீர்மானித்தது. அக்காலத்தில்தான் நண்பரின் தாயார் காலமானார். செய்தி கேட்ட மறுநாளே அவர் கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டார். களுவாஞ்சிக்குடி வரையும் வந்துவிட்டார். பாலம் திறக்கவில்லை. 8,700 கிலோமீட்டர் கடந்து வந்தவர், கொள்ளி வைக்க இயலாமல் வாவியின் இக்கரையில் நின்றார்.

2007இல் படுவான்கரை அரச படையினரின் வசமானது. யுத்தம் 2009இல் முடிந்தது. 2014இல் மண்முனையில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2016இல் மட்டக்களப்பு விமான நிலையம் உள்நாட்டுப் பயணிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் அதன் ஓடுபாதை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டரே. கட்டுநாயக்காவினது 3,350 மீட்டர். இலண்டன் செல்லும் பெருவிமானம் அங்கு இறங்காது.

நண்பர் இப்போதும் கட்டுநாயக்காவில்தான் இறங்குகிறார். அங்கிருந்து வாகனம் பிடித்து ஓர் இரவுக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். பட்டிருப்புப் பாலத்தை நெருங்கும்போது மட்டும் சாரதியை நிறுத்தச் சொல்லி இறங்குவார். மறுகரை வரை நடந்து சென்று, மீண்டும் ஏறிக்கொள்வார். அந்தச் சில நிமிடங்களை அவர் தமது கணக்கில் சேர்ப்பதில்லை.