தண்ணீரில் கலந்த இரத்தம்

போட்டி விளையாட்டு மனிதனின் சண்டைக் குணத்தைத் தணிக்கிறதா, தூண்டுகிறதா? 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நடந்த ஒரு வாட்டர் போலோ ஆட்டத்தைப் பார்ப்போம்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஹங்கேரி மக்கள் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்து கிளர்ச்சியை நசுக்கின. டிசம்பர் 6 அன்று இவ்விரு நாட்டு அணிகளும் குளத்தில் மோதின.

ஹங்கேரி வீரர்கள், பள்ளியில் கட்டாயமாகக் கற்ற ரஷ்ய மொழியிலேயே எதிரணியைச் சீண்டினர். கோபம் வந்தால் நிதானம் போகும் என்பது அவர்கள் கணக்கு. உதையும் குத்தும் தொடர்ந்தன. ஹங்கேரி 4-0 என முன்னிலையில் இருந்தபோது சோவியத் வீரர் புரோகோபோவ், எர்வின் சாடோரின் முகத்தில் குத்தினார். இரத்தம் வழிய அவர் கரையேறியதும் பார்வையாளர்கள் கொதித்தெழுந்து குளத்தருகே திரண்டனர். போலீசார் தலையிட, ஆட்டம் பாதியிலேயே நின்றது. வெற்றி ஹங்கேரிக்கு வழங்கப்பட்டது. பின்னர் யூகோஸ்லாவியாவையும் வென்று அந்த அணி தங்கம் பெற்றது. காயம்பட்ட சாடோர் அந்த ஆட்டத்தில் ஆடவில்லை.

டாங்கி ஓட்டியவர்கள் யாரும் அந்தக் குளத்தில் இல்லை. இங்கே கோபத்தை விளையாட்டு உண்டாக்கவில்லை, தணிக்கவும் இல்லை. மனிதன் தன் கூட்டத்தின் கோபத்தையும் சுமந்துகொண்டுதான் களத்தில் இறங்குகிறான். அதை இறக்கி வைக்க எந்த ஆட்ட விதியிலும் இடமில்லை.